ஊதுபத்தி அணையும் வரை

எங்கள் அப்பா கார் ஓட்டினார் என்பதைவிட, காருக்குப் பணிவிடை செய்தார் என்று சொல்வதுதான் நியாயம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் வரிசையாக நிற்கும் வாடகைக் கார்களில் எங்களுடையதும் ஒன்று. வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி. மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டி மீது சாய்ந்துகொண்டு பீடி பிடிப்பார்கள், பானெட் மேல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார்கள். அப்பா தன் வண்டி மீது யாரையும் சாய விடமாட்டார். என்னைக்கூட விடமாட்டார். நான் அவருக்கு ஒரே மகள். ஆனால் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது கார். மூத்த பிள்ளைக்கு உள்ள செல்லம் இளையவளுக்கு எங்கிருந்து வரும் என்று அம்மா கேலி செய்வாள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு வண்டியின் வெளிப்புறம்தான் தெரியும். உள்ளே பார்க்க மாட்டார். மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தாலே டீக்கடைப் பக்கம் நடந்துவிடுவார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மா மறுபடியும் உண்டானாள். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆன புதிது அது. என்னைப் பெற்றபோதே அம்மா செத்துப் பிழைத்தவள். அதனால் டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார், இந்தப் பிரசவத்தை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, வலி எடுத்த உடனே திருச்சிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பஸ்தான். அம்மாவை வலியோடு பஸ்ஸில் ஏற்றுவதை அப்பாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாசலில் கார் வைத்திருப்பவன் பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு பஸ்ஸில் அழைத்துப்போனான் என்று ஊர் பேசுமா பேசாதா?

ஆனால் கார் அப்போது கிழடு தட்டிப்போயிருந்தது. மேடு வந்தால் மூச்சு வாங்கும். கரும்புகை கக்கும். ஐப்பசியில் பிரசவம் என்று கணக்கு. ஆடியில் முகூர்த்தம் இல்லை, சவாரியும் இல்லை. அந்த மாதத்திலேயே இன்ஜினைப் பிரித்துப் புதுசாக்கிவிடலாம் என்று அப்பா முடிவெடுத்தார். ஆக, அம்மாவைத் திருச்சியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுக்காகத்தான் அந்த இன்ஜின் பிரிக்கப்பட்டது. மற்றதெல்லாம் பிறகு வந்த பேச்சு.

வேலையைச் செய்தவர் என் மாமா. அம்மாவின் அண்ணன். அரியலூரில் லாரி பட்டறை வைத்திருந்தார். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் அந்த ஊரில் ராப்பகலாக ஓடும். ரோட்டோரப் புளிய மரங்கள்கூட வெள்ளை பூசிக்கொண்டு நிற்கும். மாமாவின் புருவமும் அப்படித்தான் இருக்கும். கையெல்லாம் கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் வருவதற்கு முன்பே டீசல் வாசனை வந்துவிடும். அம்மா உண்டானது தெரிந்ததுமே பட்டறையில் இரும்பைக் கடைந்து ஒரு தொட்டில் கொக்கி செய்து கொண்டுவந்தார். தன் கையாலேயே எங்கள் வீட்டு உத்திரத்தில் முறுக்கிவிட்டுத் தொங்கியும் காட்டினார். லாரியையே தாங்கும், உன் தம்பியைத் தாங்காதா என்று என்னைக் கேட்டார்.

மாமா இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் ஏறி இறங்கும் ஓட்டையை, போர் என்பார்கள், கடைந்து, புது பிஸ்டனும் அதைச் சுற்றி மாட்டும் ரிங்கும் போட்டு, ஆடி முடியும் முன்பே வண்டியைத் தயார் செய்துவிட்டார். நாங்கள் எல்லோரும் கல்லங்குறிச்சிக்குப் போய்ப் பெருமாளுக்கு அர்ச்சனை செய்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சாவியைக் கொடுக்கும்போது மாமா சொன்னார்: "மாப்ள, புது இன்ஜினுன்னு பாவம் பாக்காதீங்க. நல்லா வேலை வாங்குங்க. நிக்க வெச்சு சும்மா ஓட விட்றாதீங்க."

அப்பா சிரித்துவிட்டார். "உந்தங்கச்சியக் கட்டிக் குடுத்தப்ப மட்டும் கண்கலங்காம வெச்சுக்கங்கன்னு சொன்ன. காருக்கு மட்டும் வேற நியாயமா மச்சான்?" என்றார். அம்மா வெட்கப்பட்டாள். மாமாவும் சிரித்தார். பேச்சு அத்தோடு போய்விட்டது.

கார் ஸ்டாண்டில் வேறு வேதம் ஓதினார்கள். புது இன்ஜின் பச்சைக் குழந்தை மாதிரி, நாற்பதுக்கு மேல் போகவே கூடாது, மேட்டில் ஏற்றக் கூடாது, ஆள் அதிகம் ஏற்றக் கூடாது, காலையில் நன்றாகச் சூடேறும் வரை நிறுத்திவைத்து ஓடவிட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்பாவுக்குப் பிடித்த மருந்தையே வைத்தியரும் சொன்னால் கேட்க வேண்டுமா? அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. விடிந்ததும் அப்பா குளித்துவிட்டு வந்து வண்டியை ஸ்டார்ட் செய்வார். டேஷ்போர்டில் இருக்கும் சாமி படத்துக்கு ஒரு ஊதுபத்தி ஏற்றுவார். அந்த ஊதுபத்தி கடைசி வரை எரிந்து அணையும் மட்டும் வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அவர் பக்கத்தில் கைகட்டி நிற்பார். சவாரி இல்லாத நாளில் மத்தியானமும் ஒரு ஊதுபத்தி உண்டு. இன்ஜின் சூடு ஆறிவிடக் கூடாதாம்.

ரோட்டிலும் அப்படித்தான். லாரியெல்லாம் ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போகும். டிராக்டர் முந்தும். ஸ்டாண்டில் எங்கள் வண்டிக்கு மாப்பிள்ளை ஊர்வலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டார் ஏறினால், முகூர்த்தத்துக்குப் போகணுமா மறுவீட்டுக்குப் போகணுமா என்று மற்ற டிரைவர்கள் கேட்பார்கள். அப்பா கோபித்துக்கொள்ளவே மாட்டார். என் வீட்டுப் புள்ளைத்தாச்சிக்காகப் பத்திரப்படுத்துகிறேன் என்று பெருமையாகச் சொல்வார்.

ஆவணி முடிவதற்குள் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. அப்பா அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்ப்பார், குறைந்திருக்கும். ஊற்றுவார். சில நாளிலேயே மறுபடி குறைந்திருக்கும். பின்னால் நீலப் புகை வந்தது. முன்பு வந்த கரும்புகையைவிட இது பார்க்க அழகாக இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

நோய் என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஊரில் எல்லோரும் வைத்தியர்தானே. எங்கேயோ ஒழுகுகிறது என்றார் ஒருவர். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. வால்வு சீல் போயிருக்கும் என்றார் இன்னொருவர். ஆயிலே கலப்படம் என்றார் மற்றொருவர். கடை மாற்றி வாங்கிப் பார்த்தாகிவிட்டது. கண்பட்டிருக்கிறது என்று பெரியம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். இத்தனைக்கும் நடுவில் யாரோ ஒருவர் மெதுவாக, மச்சான்காரன் பழைய ரிங்கைப் போட்டுவிட்டானோ என்னவோ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். அப்பா அவரைத் திட்டி அனுப்பினார். ஆனால் அந்த வார்த்தை போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து பார்த்தார். வண்டியை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அந்த வாயின்மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளேயிருந்து குப்குப்பென்று காற்று அடித்தது. மோந்து பார்த்தார். பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். ஒழுகலும் இல்லை, வால்வும் இல்லை, ரிங் இன்னும் போரில் படிந்து உட்காரவில்லை, அந்தச் சந்து வழியாகத்தான் ஆயில் மேலேறி எரிகிறது என்றார். எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். பூ மாதிரி என்றார் அப்பா.

மாமா ஆயில் மூடியைத் திருகி மூடினார். பிறகு, குன்னத்தில் வெங்காயம் எடுக்கிறார்கள், டிக்கியும் சீட்டும் நிறைய மூட்டை ஏற்றி நாலு நடை நல்ல வேகத்தில் போய்வாருங்கள், லோடு கொடுத்தால் ரிங் உட்கார்ந்துவிடும், இல்லையென்றால் வண்டியை அரியலூருக்கு விடுங்கள், பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்றார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பிள்ளைத்தாச்சியை ஏற்றிப்போகிற வண்டியில் வெங்காய மூட்டையா? அம்மா உள்ளேயிருந்து, அண்ணன் சொல்றதைத்தான் கேளுங்களேன் என்றாள். ஐப்பசி நெருங்கிவிட்டது, இப்போது வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு அவசரத்துக்கு என்ன செய்வது, பிரசவம் முடியட்டும் பார்க்கலாம் என்று அப்பா முடித்துவிட்டார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதன்பிறகு டிக்கியில் ஆயில் டின் ஒன்று நிரந்தரமாக ஏறிக்கொண்டது. காலையில் ஊதுபத்தியும் தவறவில்லை.

அம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்திருந்தேன். குறித்த நாளுக்கு முன்பே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் பின்னால் ஏற்றினார். என்னை எங்கே விடுவது என்று தெரியாமல் முன்னால் ஏற்றிக்கொண்டார். ஆயில் கம்பியை உருவிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்தவர் அன்று பார்க்கவில்லை.

அந்த வண்டி அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவாள், அப்பா இன்னும் அழுத்துவார். பின்னால் நீலப் புகை ரோட்டையே மறைத்தது. சிறுவாச்சூர் தாண்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அம்மா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பாடாலூருக்குப் பக்கத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரே இழுப்பு. வண்டி நின்றுவிட்டது.

அப்பா ஓடிப்போய் டிக்கியைத் திறந்து ஆயிலை ஊற்றினார், பாதி வெளியே ஊற்றினார். சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரோட்டில் நின்று போகிற வண்டியை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பஸ்தான் நின்றது. பின் சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். எந்த பஸ்ஸில் அம்மாவை ஏற்றக் கூடாது என்று அத்தனை பாடுபட்டோமோ, அந்த பஸ்ஸிலேயே ஏற்றிப்போனோம்.

தம்பிதான். ஆனால் நேரம் கடந்துவிட்டது. அம்மா பிழைத்தாள், அவன் பிழைக்கவில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை, காட்டவில்லை. நிறைய முடி என்று பக்கத்து வீட்டு அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

காரை லாரியில் கட்டி இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பஞ்சாயத்து வைத்தார். எங்கள் பக்கத்தில் எதற்கும் பஞ்சாயத்து உண்டு, ஆனால் ஒரு இன்ஜினுக்கு வைத்து நான் பார்த்தது அன்றுதான். செய்தவன் கையாலேயே பிரித்து நாலு பேர் முன்னால் காட்டட்டும், என்ன போட்டான் என்று பார்த்துவிடலாம் என்றார். மாமாவை வரச்சொல்லி ஆள் போனது. மறுபேச்சுப் பேசாமல் பையோடு வந்தார். உறவுக்காரர்கள் நான்கைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் விவசாயம் பார்க்கிறவர்கள். இன்ஜினைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் குற்றவாளிதான். அப்பா வண்டிக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அன்றும் அவரால் உள்ளே பார்க்க முடியவில்லை.

மாமா நட்டுகளைக் கழற்றி, மேல்பாகத்தைத் தூக்கி எடுத்துக் கீழே வைத்தார். உள்ளே வட்ட வட்டமாக நாலு கிணறு, அதுதான் போர். ஒன்றில் துணியை விட்டு நன்றாகத் துடைத்துக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை. நான் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். சொம்பை வைத்துவிட்டு நானும் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பளபளப்பை எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில்கூட நான் பார்த்ததில்லை. வழவழவென்று, ஒரு கோடு கீறல் இல்லாமல் மின்னியது.

"மூஞ்சி தெரியுது மாமா" என்றேன்.

மாமா சட்டென்று அழுக்குத் துணியை எடுத்து அந்த நான்கையும் மூடினார்.

அப்பா திரும்பாமலேயே, என்ன சொல்றா அவ என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ள" என்றார் மாமா. பிறகு எழுந்து, கையைத் துடைக்காமலேயே பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "ரிங்கு சரியில்லாத ரிங்கு. நாந்தான் பாக்காம வாங்கிப் போட்டுட்டேன். என் தப்புதான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று பஞ்சாயத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியப்பா பேசவேண்டும் என்று தயார் செய்து வந்ததெல்லாம் வீணாகிவிட்டது. அப்பா எழுந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எம்புள்ளையக் கொன்னுட்டியே மச்சான்" என்றார். அதற்குப் பிறகு, இனிமேல் என் வூட்டு வாசப்படி மிதிக்காத என்றார்.

மாமா அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போக உள்ளே போனார். அம்மா பாயில் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து ஏதோ மெல்லச் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். போகும்போது மாமா உத்திரத்துக் கொக்கியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்கு நடந்தார்.

அரியலூர் பிறகு எங்கள் மாவட்டத்திலிருந்து பிரிந்தது, சேர்ந்தது, மறுபடியும் பிரிந்தது. எங்கள் வீட்டில் பிரிந்தது ஒரே தடவைதான். நான் வயசுக்கு வந்தபோது தாய்மாமன் கட்ட வேண்டிய ஓலைக் குடிசையை யாரோ தூரத்து உறவில் ஒரு மாமன் வந்து கட்டினார். காரை அப்பா விற்றுவிட்டு இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனார். அந்தக் கொக்கியை மட்டும் அவரால் கழற்ற முடியவில்லை. அவ்வளவு கெட்டியாக முறுக்கியிருந்தார் மாமா. மாமா செத்தபோது அம்மா மட்டும் தனியாக பஸ்ஸில் போய்வந்தாள். அப்பா போகவில்லை.

எனக்குக் குன்னத்தில் கல்யாணமானது. ஒரு வருஷம் எங்கள் டிராக்டருக்கு இன்ஜின் வேலை செய்தோம். நான் டீ கொண்டுபோன நேரத்தில் மெக்கானிக் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நேரா உழவுல இறக்குங்க, புதுசுன்னு பாவம் பாத்து மெல்ல ஓட்டாதீங்க, நிக்க வெச்சு ஓட விடாதீங்க, அப்படி விட்டா ரிங்கு உக்காராது, போர் தேஞ்சு கண்ணாடியாயிடும், மூஞ்சி தெரியும், அப்புறம் ஊத்துற ஆயிலையெல்லாம் குடிச்சிடும் என்று. நான் அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் டீயைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பெரம்பலூருக்குப் போனேன். அப்பா வாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "எங்கண்ணன் அன்னைக்கே சொல்லிட்டுதான் போச்சு. புள்ளையும் போயி, தன்னாலதான் போச்சுன்னும் தெரிஞ்சா இந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாரு, எம்மேல கோவமாவே இருக்கட்டும், அந்தக் கோவத்துலயாவது நடமாடட்டும்னுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே என்ன சத்தம், என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வாசலிலிருந்து அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, வெங்காயம்" என்றாள் அம்மா.

இத்தனை வருஷமாக அப்பா மாமாவைத் திட்டும்போதெல்லாம் அவள் வாயே திறந்ததில்லை. அண்ணன் மீது அவளுக்கும் ஆறாத கோபம் என்றுதான் நான் வளர்ந்தேன். மாமா அன்றைக்குத் துணியைப் போட்டு அவசரமாக மூடியபோது, தான் செய்த திருட்டு வேலை வெளியே தெரியாமல் மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பளபளப்பு அத்தனையும் அப்பா நின்று ஏற்றிய ஊதுபத்திகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கண்ணாடி போல் இருந்ததே என்று, மாமா போன பிறகு யாரும் பார்க்காதபோது அந்தத் துணியை விலக்கி, அதில் முகம் பார்த்துத் தலையைக்கூட சரி செய்துகொண்டேன்.